டேங்க்ல தப்பான எண்ணெய் போயிடுச்சா? வெளிய எடுக்குறது இப்படித்தான்

டீசல் வண்டில பெட்ரோல் போட்டுட்டீங்கன்னு தெரிஞ்ச உடனே இஞ்சின ஸ்டார்ட் பண்ணாதீங்க, இக்னிஷன ஆன் கூட பண்ணாதீங்க. நிறைய வண்டில ஆன் பண்ணினாலே டேங்க்குள்ள இருக்குற பம்ப் ஓடி தப்பான எண்ணெய லைனுக்குள்ள தள்ளிடும். நியூட்ரல்ல போட்டு தள்ளி ஓரம் கட்டுங்க, ஸ்டீயரிங் லாக் எடுக்கணும்னா சாவிய முதல் நிலை வரைக்கும் திருப்பினா போதும்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, டீசல் வண்டியோட ஹை பிரஷர் பம்புக்கு வழவழப்பு குடுக்குறதே டீசல்தான், பெட்ரோல் அத கழுவி விட்டுடும், அப்புறம் இரும்பும் இரும்பும் உரசி அந்த தூள் இஞ்சினுக்குள்ள டீசல பீச்சுற இன்ஜெக்டர் வரைக்கும் போயிடும், டேங்க்க காலி பண்றதோட முடிய வேண்டிய செலவு எங்கயோ போய் நிக்கும். பெட்ரோல் வண்டில டீசல் போனா இந்த அளவுக்கு மோசமில்ல, புகை கக்கும், பிளக்ல கரி பிடிக்கும், திணறி நின்னுடும். மாசக்கணக்கா நின்ன வண்டில கெட்டுப்போன பெட்ரோலையும், தண்ணி கலந்ததையும் எடுக்குறதும் கீழ சொல்ற இதே வழிலதான். ஏற்கனவே ஓட்டிட்டீங்கன்னா நீங்களா எதுவும் செய்யாம வொர்க்‌ஷாப்புக்கு கட்டி இழுத்துட்டு போங்க.

இடம் ரொம்ப முக்கியம். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிர்லயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும், அந்த ஆவி காத்த விட கனம், அதனால கீழ தரையோட தரையா ஊர்ந்து போய் பள்ளத்துல தங்கும். மூடின ஷெட்லயோ, குழி மேல வண்டிய நிறுத்தியோ செய்யவே கூடாது. திறந்த வெளி, இஞ்சின் ஆறி இருக்கணும், பேட்டரியோட நெகட்டிவ் வயர கழட்டிடுங்க, பவுடர் வகை தீயணைப்பான் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும், நைட்ரைல் கையுறை போட்டுக்கோங்க.

வாயால ட்யூப்ப உறிஞ்சி எடுக்குற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, தயவு செஞ்சு வேண்டாம். கொஞ்சூண்டு நுரையீரலுக்குள்ள போனாலே உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, வரும்போது நுரையீரலுக்குள்ள போயிடும், நேரா ஆஸ்பத்திரி. எண்ணெய் மாத்துறதுக்குன்னே கையால அமுக்குற பம்ப் கிடைக்குது, அத வாங்குங்க. வீட்டு வேக்கூம் கிளீனர், டிரில்ல மாட்டுற பம்ப் எல்லாம் பொறி பறக்க விடும், பக்கத்துலயே கொண்டு வராதீங்க.

புது வண்டிங்கள்ல மூடி வழியா ட்யூப் இறங்காது, உள்ள தடுப்பு வெச்சிருப்பாங்க. முட்டி தள்ளினா அது உடைஞ்சு இன்னொரு வேலை வரும். சில டேங்க்ல அடியில டிரெய்ன் போல்ட் இருக்கும், சில வண்டில பின்சீட்டுக்கு அடியில பம்ப் மூடி இருக்கும், அது வழியா எடுக்கலாம். ஆனா லைன்ல பிரஷர் இருக்கும், கழட்டினா பீச்சி அடிக்கும், பழக்கம் இல்லன்னா அந்த இடத்தோட நிறுத்திட்டு மெக்கானிக்க கூப்பிடுறதுதான் சரி.

கேன் எரிபொருளுக்குன்னே செஞ்சதா இருக்கணும், தண்ணி பாட்டில் ஆகாது. டிக்கில வெச்சு நிரப்பாம தரையில வைங்க, ட்யூப் நுனி கேனோட அடிய தொடணும், மேல இருந்து சிதறி விழுந்தா ஸ்டேடிக் கரண்ட் சேரும், அதுல பொறி பறந்தா தீப்பிடிச்சுடும். கழுத்து வரைக்கும் நிரப்பாதீங்க.

பம்ப் பண்ணி முடிச்சாலும் அடியில கொஞ்சம் தங்கும், அதனால சரியான எண்ணெய் ரெண்டு மூணு லிட்டர் ஊத்தி திரும்ப ஒருமுறை எடுங்க. ஃபில்டர மாத்திடுங்க, டீசல் வண்டின்னா லைன்ல இருக்குற காத்த எடுத்துட்டுதான் ஸ்டார்ட் பண்ணணும்.

எடுத்தத வீணாக்க மனசு வராம ஸ்டவ்வுக்கோ விளக்குக்கோ ஊத்திடாதீங்க, டீசல்ல கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே சட்டுனு பத்திக்கும். சாக்கடையிலயும் மண்ணுலயும் கொட்டாம, கழிவு எண்ணெய் எடுத்துக்குற வொர்க்‌ஷாப்ல கேட்டு குடுங்க. பேட்டரிய மாட்டுறதுக்கு முன்னாடி சிந்தினது காஞ்சு வாடை போயிருக்கான்னு பாருங்க, ஸ்டார்ட் ஆனதும் கழட்டின ஜாயின்ட் ஒவ்வொண்ணா கசிவு பாருங்க, சொட்டு கசிஞ்சாலும் உடனே ஆஃப் பண்ணிடுங்க.