வேலைக்கு முன்பணம் யார் கொடுப்பது?

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் பஸ் நிற்கிற இடத்தில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி என் ஜெராக்ஸ் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகளைக் கட்டிப்போட்டால் ஜூன் 14 வரை 61 நாள் அவை கடலுக்குப் போக முடியாது. அந்த இரண்டு மாதத்தில் என் கடைக்கு வருகிற பிரிண்ட் வேலையில் ஒரு புது வகை சேர்ந்துகொள்ளும். 'வீட்டில் இருந்தே வேலை' ஒப்பந்தப் பத்திரம்தான் அது. வாட்ஸாப்பில் வந்த பிடிஎஃப்பை என் நம்பருக்குத் தள்ளிவிட்டு, “அக்கா, இதுல ரெண்டு காப்பி. கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பணுமாம்” என்பார்கள்.

போன தடைக்காலத்தில் ஒரே வாரத்தில் மூன்று பேர் இப்படி வந்தார்கள். ஒருவர் மண்டபம், ஒருவர் இருமேனி, ஒரு பிள்ளை பெரியபட்டினம். கம்பெனி பெயர் மூன்றிலும் வேறு வேறு. ஆனால் மேலே போட்டிருந்த 100 ரூபாய் முத்திரைத்தாள் படத்தில் வரிசை எண் மட்டும் மூன்றிலும் ஒன்றே. ஒரு தாளுக்கு ஒரு எண்தான். யாரோ என்றைக்கோ ஒரு தாளை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, கீழே பெயரை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்தின் மேல் நீல வட்ட சீல் இருந்தது. திரையில் பெரிதாக்கினால் சீலைச் சுற்றி வெளிறிய ஒரு சதுரம் தெரிந்தது. வேறு எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது. உங்களுக்கு இப்படி ஒன்று வந்தால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். சிங்க முத்திரை, 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்ற வரி, நாலைந்து சான்றிதழ் எண்கள் என்று அடுக்கிக்கொண்டே போனால் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு டைப்பிங் செய்து தருகிற இரண்டு பெண்களோடு நான் எந்தப் பத்திரமும் போட்டதில்லை. பக்கத்துக்கு 20 ரூபாய், சனிக்கிழமை கணக்கு, அவ்வளவுதான்.

பத்திரம் பார்க்கத் தெரியாதவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. நம் கரையில் முன்பணம் என்றால் யார் கையில் இருந்து யார் கைக்குப் போகும்? படகின் சொந்தக்காரரான சம்மாட்டி, கடலுக்குப் போகிறவருக்குக் கொடுப்பார். கடல்பாசி வியாபாரி, பாசி எடுக்கிற பெண்களுக்குக் கொடுப்பார். அந்த முன்பணம் வருஷக்கணக்காகக் கழுத்தை விட்டு இறங்காது, அது தனிக் கதை. ஆனாலும் பணம் வேலை கொடுக்கிற பக்கம் இருந்துதான் வரும். “படகில் ஏறணுமா, பதிவுக் கட்டணம் 650 ரூபாய் கட்டு” என்று எந்தச் சம்மாட்டியும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்போம். அதையே முகம் தெரியாத ஒருவன் போனில் கேட்டால் ஜிபேயைத் திறக்கிறோம்.

அதனால் பதிவுக் கட்டணம், ஐடி கார்டு, டிரெய்னிங், கூரியர், 'திருப்பித் தருகிற' டெபாசிட், எந்தப் பெயரில் கேட்டாலும் ஒரே பதில் அனுப்புங்கள்: “சரிங்க, முதல் சம்பளத்துல கழிச்சுக்கங்க.” அந்தப் பெரியபட்டினத்துப் பிள்ளையைக் கடையிலேயே நிற்க வைத்து இதை வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொன்னேன். நீல டிக் விழுந்தது. “கம்பெனி ரூல்ஸ் அப்படி இல்லை டியர்” என்று அந்தப் பக்கத்து 'மேடம்' பதில் போட்டாள். பிள்ளை மறுபடியும் அதையே சொன்னது. இரண்டு நிமிஷத்தில் அந்த நம்பரில் இருந்த படம் காணாமல் போனது. பிளாக் செய்துவிட்டார்கள். “பிரிண்ட் வேணாம்க்கா” என்று சொல்லிவிட்டு அது பஸ் ஏறிப் போய்விட்டது.

இந்தக் கேள்விக்குச் சிக்காத ஒரு வகையும் உண்டு. அதில் மாட்டியது நானேதான்.

2020 ஊரடங்கு. கடை பூட்டிக் கிடந்தது. டேட்டா என்ட்ரி வேலை, ஒரு பைசா கட்ட வேண்டாம் என்று ஒரு விளம்பரம். கட்ட வேண்டாம் என்றதும் நம்பிவிட்டேன். 5 நாளில் 500 படிவம், ஒன்றுக்கு 40 ரூபாய், 90 சதவீதம் சரியாக இருந்தால் 20,000 ரூபாய். பக்கம் 20 ரூபாய்க்கு டைப் செய்கிற ஊரில் நாலு வரிப் படிவத்துக்கு 40 ரூபாய் எவன் தருவான் என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. படிவங்கள் வேண்டுமென்றே மங்கலாக இருந்தன. பூஜ்யமா, ஆங்கில எழுத்தா என்று கண்டுபிடிக்கவே முடியாது. நாலாம் நாள் அவர்கள் தளம் திறக்கவில்லை, ஐந்தாம் நாள் ராத்திரிதான் திறந்தது. முடித்து அனுப்பினேன். 'தர அறிக்கை' வந்தது: 84 சதவீதம். சம்பளம் கிடையாது. ஒப்பந்தத்தை மீறிவிட்டதால் 5,800 ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். அப்புறம் வாட்ஸாப்பில் ஒரு வக்கீல் நோட்டீஸ், வடக்கே ஏதோ ஓர் ஊர்க் கோர்ட்டின் பெயரோடு. அதன்பின் ஒருவன் போன் போட்டு, “நாளைக்கு உங்க ஊர் ஸ்டேஷன்ல இருந்து வருவாங்க” என்றான். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் 3,000 ரூபாய் அனுப்பினேன். மறுநாள் மீதி 2,800 கேட்டான்.

அப்போது தெரியாமல் இருந்ததை இப்போது சொல்கிறேன். வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு கடிதம், தீர்ப்பு இல்லை. வழக்கமாக அது தபாலில் வரும். ஒப்பந்தப்படி வேலை முடிக்கவில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும் அது சிவில் விவகாரம், அதற்காகக் கைது செய்ய முடியாது. எந்தக் கோர்ட்டும் அபராதத்தை ஒரு தனி ஆளின் யூபிஐ ஐடிக்கு அனுப்பச் சொல்லாது. இதே நிலையில் இப்போது யாராவது இருந்தால், பணம் அனுப்பாதீர்கள், மிரட்டலை அழிக்காமல் வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். அந்த மீதி 2,800ஐ நான் அனுப்பவில்லை. வீட்டுக்கு யாரும் வரவும் இல்லை.

பேக்கிங் வேலை

இதை நீட்ட வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்து பென்சிலைப் பெட்டியில் போட்டால் மாதம் 30,000 ரூபாய், 10,000 அட்வான்ஸ் என்று பிரபலமான கம்பெனிகளின் படத்தோடு வரும். அந்தக் கம்பெனிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பென்சில் செய்கிற இடத்திலேயே பேக்கிங்கும் நடந்துவிடும், லாரி வைத்து உச்சிப்புளிக்கு அனுப்பிப் பெட்டியில் போட்டுத் திரும்ப வாங்கினால் பென்சில் விலையைவிட லாரி வாடகை அதிகம். மண்டபத்தில் நண்டு உரிக்கிற கம்பெனியில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்கு இதைச் சொன்னால் போதும், அவரே கணக்குப் போட்டுவிடுவார். ஆனால் ஒன்று. பணம் கட்டிய பிறகு, “சரக்கு வண்டி பரமக்குடி வந்துடுச்சு, டிரைவர்கிட்ட பேசுங்க, இறக்குகூலி 1,800 போடுங்க” என்று ஒரு டிரைவர் குரலும் வரும். டிரைவரும் அவர்கள் ஆள்தான்.

விளக்குத்திரி மெஷின், பேப்பர் தட்டு மெஷின் வாங்கினால் பொருளை நாங்களே எடுத்துக்கொள்வோம் என்பது கொஞ்சம் மரியாதையான முகம். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் ஆயிரக்கணக்கானவர்கள் பணம் போட்டு இழந்தது இதற்கு அண்ணன் முறை. முதல் லோடை எடுப்பார்கள், அடுத்த லோடில் தரம் சரியில்லை என்பார்கள். ஒரே யோசனைதான் சொல்வேன்: அவர்கள் எடுக்காவிட்டாலும் அந்தத் திரியை ராமநாதபுரம் கடைவீதியில் லாபத்துக்கு விற்க முடியுமா என்று நாலு கடையில் கேட்டுவிட்டு மெஷினுக்குப் பணம் கொடுங்கள்.

டெலிகிராம் டாஸ்க்

படித்த பையன்கள் அதிகம் விழுகிற இடம் இது. என் கொழுந்தன் மகன் மாட்டியதால் படிப்படியாகத் தெரியும். வெளிநாட்டு எண்ணில் இருந்து வாட்ஸாப் வரும். யூடியூப் வீடியோவுக்கு லைக், கூகுள் மேப்பில் ஏதோ ஒரு ஹோட்டலுக்கு ஐந்து ஸ்டார். ஒன்றுக்கு 50 ரூபாய். மூன்று செய்ததும் 150 ரூபாய் நிஜமாகவே கணக்கில் விழும். பிறகு டெலிகிராம் குரூப்புக்குக் கூப்பிடுவார்கள். அங்கே 'ப்ரீபெய்ட் டாஸ்க்': 1,000 போட்டால் 1,300. அதுவும் திரும்பி வரும். குரூப்பில் ஒருவர் 40,000 வந்த ஸ்கிரீன்ஷாட் போடுவார், இன்னொருவர் நன்றி சொல்வார். அத்தனை பேரும் அவர்கள் ஆட்களே. அடுத்தது 5,000, அப்புறம் 28,000. திரையில் உங்கள் பெயருக்கு நேரே 41,000 என்று காட்டும். எடுக்கப் போனால் 'கிரெடிட் ஸ்கோர் 80தான் இருக்கு, 100 ஆக்க 15,000 போடுங்க' என்பார்கள். அதைப் போட்டால் வரி கேட்பார்கள். திரையில் தெரிகிற எண் ஒரு படம், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்.

“நான் 150 ரூபாயோட நிறுத்திட்டேன் மதினி, எனக்கு லாபம்தான்” என்று ஒருத்தி சொன்னாள். அதுவும் லாபம் இல்லை. அந்த 150 ரூபாய் பெரும்பாலும் வேறு ஒருவரிடம் ஏமாற்றி வாங்கிய பணம். அவர் புகார் கொடுத்தால் பணம் போன பாதையில் இருக்கிற கணக்குகள் முடக்கப்படும், அதில் உங்களுடையதும் இருக்கலாம். தடைக்கால நிவாரணமும் நூறு நாள் வேலைக் கூலியும் அதே கணக்கில்தானே வருகிறது.

இதைவிட மோசமானது கணக்கை வாடகைக்குக் கேட்பது. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடுத்துவிட்டால் மாதம் இவ்வளவு, அல்லது வருகிற பணத்தில் 2 சதவீதம். இதில் வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்குத் தேவை உங்கள் பெயர். போலீஸ் தேடி வரும்போது கணக்கின் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் வரும்.

தொண்டி, கீழக்கரைப் பக்கம் வெளிநாடு போவது புதிது இல்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிக்கெட் இலவசம் என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரில் மியாவடி பக்கம் அடைத்துவைத்து, இதே டாஸ்க் மோசடியைச் செய்ய வைத்த கதை 2022இல் இருந்து நடக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளையும் மீட்டு வந்திருக்கிறார்கள். டூரிஸ்ட் விசாவில் வேலை என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஏஜென்டின் பதிவு எண்ணை வாங்கி மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தட்டிப் பாருங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு நிமிஷம்

யூபிஐயில் நம்பரைப் போட்டதும் வங்கியில் இருக்கிற பெயர் மேலே வரும். 'பிரைவேட் லிமிடெட்' என்றவர்களின் கணக்கில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் போனைக் கீழே வையுங்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ ரகசிய எண் (PIN) ஒருபோதும் தேவையில்லை, அந்த எண்ணைக் கேட்டால் பணம் உங்களிடம் இருந்து போகிறது என்று அர்த்தம். ஜிஎஸ்டி எண் கொடுத்தால் ஜிஎஸ்டி தளத்தில் தேடிப் பாருங்கள். பல நேரம் அது நிஜமான வேறு ஒரு கடையின் எண்ணாக இருக்கும். அந்தக் கடைக்கே போன் போட்டுக் கேட்டுவிடலாம். வாட்ஸாப்பில் வருகிற ஏபிகே கோப்பை (போனில் ஆப்பை ஏற்றுகிற கோப்பு) இறக்காதீர்கள், திரையைப் பகிரச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள். ஆதார் கேட்டே தீருவார்கள். கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் முதல் எட்டு எண்ணை மறைத்த ஆதாரை அரசுத் தளத்தில் இருந்து இறக்கிக் கொடுங்கள். என் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவேன்.

பணம் போகவில்லை, அழைப்பு மட்டும் வந்தது என்றால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் அங்கேயே பார்க்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அவர் வாங்காத சிம் இரண்டு இருந்தது.

பணம் போய்விட்டால், அழுவதை அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு, மணிக்கணக்கில் யோசித்தால் போய்விடும். யூபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். ராமநாதபுரத்தில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். பெண்கள் செய்கிற ஒரு தப்பு, வீட்டில் பார்த்துவிடுவார்களே என்று முதலில் வாட்ஸாப் உரையாடலை அழிப்பது. நானும் பாதி அழித்தேன். அழித்த பாதியில்தான் அவன் யூபிஐ ஐடி இருந்தது.

புகார் கொடுத்தபின் இன்னொரு கூட்டம் கிளம்பும், அதற்கும் தயாராக இருங்கள். போன வருஷம் எனக்கே வந்தது. சைபர் பிரிவில் இருந்து பேசுகிறாராம், என் பழைய 3,000 ரூபாய் கிடைத்துவிட்டதாம், ஃபைல் கட்டணம் 500 அனுப்பினால் விடுவிப்பாராம். “நல்லது சார், அந்த மூவாயிரத்துல ஐநூறைக் கழிச்சுட்டு ரெண்டாயிரத்து ஐநூறை அனுப்புங்க” என்றேன். வைத்துவிட்டான்.