மொட்டையும் கேக்கும் ஒரே நாளில் வேண்டாம்

போன வாரம் கணவரின் பங்காளி வீட்டுத் தம்பி மனைவி போன் செய்தாள். மகனுக்கு முதல் பிறந்தநாள், இரண்டு கிலோ கேக் வேண்டும் என்றாள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "காலையில் தாராபுரம் பக்கம் குலதெய்வக் கோவிலில் மொட்டை, காது குத்து. மதியம் கிடா விருந்து. சாயங்காலம் ஆறு மணிக்குத் திருப்பூர் மண்டபத்தில் கேக். எல்லாம் ஒரே செலவாக முடிந்துவிடும் அல்லவா அக்கா?" என்றாள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் மாமியாரிடம் நான் சொன்ன அதே சொற்கள். போனை வைத்த பிறகும் மனம் ஆறவில்லை.

நான் வீட்டிலேயே கேக் செய்து கொடுப்பவள். ஒன்பது ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று நான்கு பிறந்தநாள் வீடுகளுக்குள் கேக்கோடு நுழைகிறேன். கேக்கில் பெயரைத் தப்பாக எழுதுவது, மெழுகுவத்தியை மறந்துவிட்டுக் கடைக்கு ஓடுவது போன்றவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை. அவற்றை யாரும் இரண்டாம் முறை செய்வதில்லை. நல்ல எண்ணத்தோடு, யோசித்து, கணக்குப் போட்டுச் செய்கிற தவறுகள்தான் வீட்டுக்கு வீடு திரும்பத் திரும்ப வருகின்றன.

மொட்டை, காது குத்து, கேக் மூன்றையும் ஒரே நாளில் வைப்பது

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பிறகுதான் கம்பெனிக்காரர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எல்லோருக்கும் பொது. பெங்களூருவில் இருக்கும் சித்தி மகனை இரண்டு முறை வரச்சொல்ல முடியாது. போட்டோக்காரருக்கு ஒரு நாள் வாடகை கொடுத்தால் காலையும் மாலையும் எடுத்துத் தருவார். தாய்மாமன் வரவேண்டும், சீர் வரவேண்டும், பங்காளிகள் எல்லோரும் கூடவேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரே நாள்தான் லாபம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

என் மகளுக்குச் சித்திரைக் கடைசியில் பிறந்தநாள். அந்த ஞாயிறு விடியற்காலை நான்கு மணிக்கு அவளை எழுப்பிக் குளிப்பாட்டினோம். ஐந்துக்குக் கிளம்பி, ஒன்றேகால் மணி நேரம் காரில் போனோம். ஏழரைக்கு மொட்டை. குளிர்ந்த தண்ணீரைத் தலையில் தெளித்ததும் ஆரம்பித்த அழுகை, சந்தனம் பூசி முடித்தும் நிற்கவில்லை. ஒன்பது மணிக்கு என் அண்ணன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். இடது காது முடியும்வரை அவளுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. வலது காதுக்கு ஆசாரி கையைக் கொண்டுவந்ததும் புரிந்துவிட்டது. இரண்டு காலாலும் உதைத்து அண்ணனின் பட்டு வேட்டியைக் கசக்கிவிட்டாள். அதற்குப் பிறகு முன்பின் தெரியாத யார் கையை நீட்டினாலும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

தினமும் பத்து மணிக்கு ஒரு தூக்கம், இரண்டு மணிக்கு ஒரு தூக்கம் போடுகிற குழந்தை. அன்று பத்து மணிக்குச் சீர்த்தட்டுகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு மணிக்குப் பந்தி நடந்துகொண்டிருந்தது. திரும்பி வரும்போது காரில் இருபது நிமிடம் கண்ணயர்ந்தாள். மண்டப வாசலில் அவளை எழுப்பி, வெல்வெட் கவுனை மாட்டினோம். பிறகு மொட்டைத் தலையில் பிறந்தநாள் தொப்பியை வைத்தேன்.

அந்தத் தொப்பியைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் கூம்பாக இருக்கும், தாடைக்குக் கீழே மாட்ட மெல்லிய எலாஸ்டிக் இருக்கும். அந்த எலாஸ்டிக் காலையில் போட்ட வளையத்தில் சிக்கிக்கொண்டது. எனக்குத் தெரியவில்லை. தொப்பி சாய்ந்திருக்கிறதே என்று நேராக்க இழுத்தேன். காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அவள் கத்திய கத்தலில் மைக் பிடித்திருந்தவர் பாட்டை நிறுத்திவிட்டார்.

ஏழே காலுக்கு நானும் கணவரும் கேக்கை வெட்டினோம். குழந்தை வெளியே, வண்டி நிறுத்தும் இடத்தில், என் அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

லாபக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மாலைக்கு 250 இலை சொல்லியிருந்தோம். வந்தவர்கள் 90 பேர்கூட இல்லை. மதியம் கிடா விருந்து சாப்பிட்ட சொந்தங்கள் காங்கேயத்துக்கும் கரூருக்கும் அங்கிருந்தபடியே திரும்பிவிட்டார்கள். நான்கு மணிக்குக் கறிச்சோறு சாப்பிட்டு எழுந்தவர்கள் ஆறு மணிக்கு எந்த வயிற்றோடு வருவார்கள்? மிஞ்சிய சாப்பாட்டை இரவு பத்து மணிக்கு ஒவ்வொரு ஆதரவற்றோர் இல்லமாகப் போன் செய்து கொடுத்தோம். இதையெல்லாம் விட என்னை இன்றும் உறுத்துவது என் அண்ணன் செலவு. காலையில் தாய்மாமன் சீராக நகையும் துணியும் தட்டுகளும் கொண்டுவந்தவர், மாலையில் மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் வெறுங்கையோடு நிற்க முடியாமல் இன்னொரு மோதிரம் போட்டார். அந்த மோதிரத்துக்கு அவர் நகைக்கடன் வைத்தார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. எங்களுடைய 'ஒரே செலவு' அவருக்கு இரண்டு செலவாகிவிட்டது.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அந்த ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "அம்மா, ஒரு படத்தில்கூட நான் ஏன் சிரிக்கவில்லை?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே கேக் ஆர்டர் எடுக்கும்போதே கேட்கிறேன்: அன்றைக்குக் காது குத்தும் உண்டா? உண்டு என்றால், ஆர்டர் போனாலும் பரவாயில்லை என்று பேசிப் பார்க்கிறேன். மொட்டையும் காது குத்தும் முதல் பிறந்தநாளோடுதான் வரவேண்டும் என்று எந்தக் குலதெய்வமும் கேட்கவில்லை. ஒன்பதாம் மாதத்திலோ பதினோராம் மாதத்திலோ முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மூன்றாம் வயதில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒற்றைப்படை பார்ப்பார்கள், அவ்வளவுதான். குத்திய காது ஆற வாரக்கணக்கில் ஆகும். அதனால் நடுவில் ஒன்றிரண்டு மாத இடைவெளியாவது விடுங்கள்.

வேண்டுதல் இருக்கிறது, தள்ள முடியாது என்றால் கோவிலோடு நாளை முடித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டு (எங்கள் பக்கத்துப் போளி) சுட்டு எடுத்துப் போய், எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்து, பிறந்தநாள் என்று சொல்லி ஆசி வாங்குங்கள். குழந்தையை மதியம் வீட்டுக்குக் கொண்டுவந்து தூங்கவையுங்கள். மாலை மண்டபம் வேண்டாம். கேக்கை அடுத்த ஞாயிறு வீட்டில் வெட்டலாம்.

போன் செய்த தம்பி மனைவியிடமும் இதைத்தான் சொன்னேன். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டோமே என்கிறாள். அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மணியை மண்டபத்தைப் பார்த்து முடிவு செய்வது

ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை ஒரு குழந்தைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். பெரியவர்களுக்கு வசதியான மாலை ஏழு மணி, அந்த வயதுக் குழந்தைக்குக் கண் சொருகும் நேரம். உங்கள் குழந்தை எப்போது தூங்கி எழுந்து சிரித்த முகமாக இருக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். எழுந்து, பால் குடித்து, அரை மணி நேரம் கழித்துக் கேக். என் இரண்டாவது மகனுக்கு அது காலை பத்தரை மணி. காலைப் பலகாரமாகச் சந்தகையும் (இடியாப்பம் போன்றது) தேங்காய்ப்பாலும் செய்தோம், முப்பது பேர் வந்தார்கள், பன்னிரண்டு மணிக்கு அவன் தொட்டிலில் இருந்தான்.

பெரிய மனிதருக்காகக் காத்திருப்பது

வெட்டிவிடுங்கள். அவர் வந்ததும் ஒரு துண்டு கொடுத்தால் போதும்.

ஆளாளுக்கு ஊட்டுவது

பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நாற்பது பேர் ஆளுக்கொரு விரல் கிரீமை வைத்தால் ஒரு வயதுக் குழந்தையின் வயிறு என்ன ஆகும்? அம்மா, அப்பா, ஆத்தா, அப்பாரு (அப்பாவைப் பெற்றவர்கள்), அம்மாயி, அப்புச்சி (அம்மாவைப் பெற்றவர்கள்), தாய்மாமன் இவர்களோடு நிறுத்துங்கள். மற்றவர்கள் தலையைத் தொட்டு ஆசி சொல்லட்டும். இதை முன்கூட்டியே வீட்டில் ஒரு பெரியவரிடம் சொல்லிவையுங்கள். நாம் தடுத்தால் மனத்தாங்கல் வரும், ஆத்தா சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஞாயிறு வசதிக்காக, ஒரு வயது முடிய நான்கு நாள் இருக்கும்போதே கொண்டாடுகிறவர்கள் உண்டு. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். சாதாரணமாகக் கேக் வேகும் சூட்டில் அது சாகாது. நம் ஊர் பேக்கரிகளில் தேன் ஊற்றிய கேக் எல்லோருக்கும் பிடித்தது. அதைப் பெரியவர்கள் சாப்பிடட்டும். முழு முந்திரி, வேர்க்கடலை, பாப்கார்ன் இவையும் நான்கு வயதுக்குள் உள்ளவர்களுக்கு மூச்சுக்குழலை அடைக்கும். கேக் மேல் திராட்சை வைத்திருந்தால் நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். சர்க்கரை மாவில் செய்த பொம்மைகள் நிற்பதற்காக உள்ளே பல் குத்தும் குச்சி வைத்திருப்போம். நானே வைக்கிறேன், ஒப்படைக்கும்போது சொல்லியும் விடுகிறேன். அந்தப் பொம்மையைப் பிடுங்கிக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

கேக்கை மடியில் வைத்துக்கொண்டு போவது

மடி சாயும், மடியின் சூடும் ஏறும். கிரீம் கேக் கார் தரையில், ஏசி காற்று படுகிற இடத்தில், சமமாக இருக்க வேண்டும். ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை, வைகாசியில் மத்தியானம் ஃப்ரெஷ் கிரீம் கேக் தாங்காது. அந்த மாதங்களில் வெண்ணெய் கிரீம் கேளுங்கள்.

ஸ்னோ ஸ்ப்ரே

வாங்கவே வாங்காதீர்கள். நுரையைத் தள்ளுவதற்குப் பெரும்பாலான டப்பாக்களில் எரியும் வாயுவைத்தான் அடைத்திருக்கிறார்கள். எதிரே மெழுகுவத்தி எரிகிறது.

பலூன்

மேலே பறக்கிற பலூனில் என்ன வாயு அடைக்கிறீர்கள் என்று பலூன்காரரிடம் நேராகக் கேளுங்கள். ஹைட்ரஜன் என்றால் வேண்டாம், நெருப்புப் பட்டால் வெடிக்கும். ஹீலியம் எரியாது, ஆனால் விலை அதிகம். அந்தச் செலவு கட்டுப்படியாகாவிட்டால் வாயால் ஊதிச் சுவரில் ஒட்டுங்கள். குழந்தைக்குப் பலூன் தலைக்கு மேலே இருந்தால் என்ன, கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் என்ன! விழா முடிந்ததும் வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கி எடுத்துவிடுங்கள். தவழும் குழந்தை எதையும் வாயில்தான் வைக்கும், தொண்டையில் ஒட்டிக்கொண்டால் அந்த ரப்பர் துண்டு காற்றை முழுதாக அடைத்துவிடும்.

தேதியா, நட்சத்திரமா என்று சண்டை போடுவது

இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் இதில் மனக்கசப்பு வந்து, பிறந்தநாளன்று பேசாமல் உட்கார்ந்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாளில் கோவிலில் குழந்தையின் பெயருக்கு அர்ச்சனை, வீட்டில் ஒரு பாயசம். ஆங்கிலத் தேதியில் கேக். சந்திரன் 27 நட்சத்திரத்தையும் கடக்க 27 நாளுக்குச் சற்றுக் கூடுதலாகும். எனவே 31, 32 நாள் ஓடும் மாதத்தில் ஒரே நட்சத்திரம் இரண்டு முறை வந்துவிடும். அப்போது இரண்டாவதை எடுப்பது வழக்கம். நட்சத்திர நாளன்று நாங்கள் அவிநாசிக்குப் போவோம். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டுக் கொடுத்த தலம் அது. பேத்திக்கு அந்தக் கதையைச் சொல்வதற்காகவே என் மாமியார் கிளம்பிவிடுவார். அர்ச்சனைச் சீட்டுக்கு ஆகும் பணத்தைத் தவிர அந்த நாளுக்குப் பெரிய செலவும் இல்லை.

பத்து வகைப் பலகாரம்

ஒரு இனிப்பு, ஒரு காரம், அரிசிம்பருப்பு சாதம், தயிர்சாதம். போதும்.

பரிசுகளை அன்றிரவே பிரித்துக் குழந்தையிடம் கொடுப்பது

காலை வரை பொறுங்கள். பாட்டுப் பாடுகிற, விளக்கு எரிகிற பொம்மைகள் பலவற்றில் பொத்தான் அளவு வட்ட பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் தங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பொம்மையாகத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா? விரலால் நெம்பினால் திறந்துகொள்கிறது என்றால், பேட்டரியைக் கழற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் பொம்மையைக் கொடுங்கள்.