குழந்தை தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறதா? வீட்டில் வண்ணம் தீட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

“வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் தீட்டினான், அப்புறம் தொடவே இல்லை” என்று பல பெற்றோர் சொல்வதைக் கேட்கலாம். பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அவன் எந்தத் தாளில் தீட்டினான் என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் அது வீட்டில் கிடந்த ஏ4 தாளாகவோ, போன வருடத்துக் கணக்கு நோட்டாகவோதான் இருக்கும். பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுவதற்கு நாம் கொடுக்கும் பொருளும், பக்கத்தில் உட்கார்ந்து நாம் பேசும் பேச்சும்தான் பெரும்பாலும் காரணம். இரண்டையும் மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.

முதலில் தாள். ஜெராக்ஸ் தாளின் கனம் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். அதாவது, ஒரு சதுர மீட்டர் தாளின் எடை அத்தனை கிராம். அதன்மேல் வாட்டர் கலர் பட்டதும் தாள் அலையலையாக எழும்பும். ஒரே இடத்தில் இரண்டாம் முறை தூரிகை போனால் திரிதிரியாக உரியும், மூன்றாம் முறையில் ஓட்டை விழும். தாள் மோசம் என்று குழந்தைக்குத் தெரியாது. “எனக்கு வரலை” என்றுதான் அது நினைக்கும். வாட்டர் கலருக்குக் குறைந்தது 200 ஜி.எஸ்.எம். தாள் வேண்டும், 300 இருந்தால் நிம்மதி. விலை அதிகம்தான். தினமும் அதை வாங்கிக் கட்டுப்படியாகாது என்றால் வீட்டிலேயே வழி இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கம், புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டை, பார்சல் வந்த அட்டைப்பெட்டி எல்லாமே போஸ்டர் கலருக்குத் தாங்கும். வழவழப்பான பத்திரிகையை மட்டும் ஒதுக்கிவிடுங்கள், வண்ணம் அதில் ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கும். மெல்லிய தாள்களைக் கிரையானுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தூரிகை. பெட்டிக்குள் இலவசமாக வரும் ஒல்லித் தூரிகை நான்கு வயதுக் கைக்கு ஆகாது. அதை வைத்து ஒரு வானத்தைத் தீட்டி முடிப்பதற்குள் கை வலித்துவிடும். தடித்த பிடியுள்ள அகலமான தட்டைத் தூரிகை ஒன்றும், நடுத்தர அளவில் உருண்டைத் தூரிகை ஒன்றும் இருந்தால் போதும். கட்டி வண்ணம் என்றால், தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஒவ்வொரு கட்டியிலும் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். இல்லாவிட்டால் குழந்தை காய்ந்த கட்டியைத் தேய்த்துத் தேய்த்து வெளிறிய சாயம்தான் எடுக்கும். முடிந்த பிறகு தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்திவைத்துவிட்டுப் போகாதீர்கள், ஒரே இரவில் நுனி வளைந்துவிடும்.

24 நிறம் எதற்கு?

நிறைய நிறம் இருந்தால் நன்றாகத் தீட்டும் என்று பெரிய பெட்டியாக வாங்குகிறோம். எல்லா நிறமும் தயாராக இருந்தால் கலந்து பார்க்கும் வேலையே குழந்தைக்கு இல்லாமல் போகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று நான்கை மட்டும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சை வரும்போது அந்த முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே செய்யலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று சொல்லிவிட்டு, ஸ்கார்லெட் என்று எழுதிய சிவப்பைக் கொடுத்தால் சேற்று நிறம்தான் வரும். அந்தச் சிவப்பில் ஆரஞ்சுச் சாயல் இருப்பதே காரணம். கிரிம்சன் அல்லது ரோஸ் என்று எழுதியதைக் கொடுங்கள், நல்ல ஊதா கிடைக்கும். தூரிகை கழுவ ஒன்று, சுத்தமான தண்ணீருக்கு ஒன்று என இரண்டு குவளை வையுங்கள். ஒரே குவளை வைத்தால் பத்து நிமிடத்தில் படம் முழுக்கப் பழுப்பாகிவிடும்.

நிறம் என்றதும் எனக்கு மிகவும் வருத்தம் தரும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனிதரை வரைந்ததும் நம் பிள்ளைகள் “ஸ்கின் கலர் எங்கே?” என்று தேடுவார்கள். அவர்கள் கேட்பது வெளிறிய பீச் நிறக் குச்சி. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் தன் பீச் நிறக் குச்சிக்கு வைத்திருந்த ‘சதை நிறம்’ என்ற பெயரை 1962-லேயே மாற்றிவிட்டது. நம் வீடுகளில் அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை. தன் தோலின் நிறமே இல்லாத ஒரு குச்சியை எடுத்து ஒரு குழந்தை தன்னையே வரைவதைப் பார்த்துக்கொண்டு நாம் சும்மா இருக்கக் கூடாது. சிவப்பையும் மஞ்சளையும் கலந்து, நீலத்தைத் துளித்துளியாகச் சேர்த்தால் பழுப்பு வரும். வெள்ளையோ மஞ்சளோ கூட்டிக் குறைத்து அப்பா கை, பாட்டி கை, தன் கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கலக்கச் சொல்லுங்கள். கலந்ததைப் புறங்கைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒரு மாலைப்பொழுது முழுக்க ஓடும்.

எதைக் கையில் கொடுக்கக் கூடாது

வீட்டுக்கு அடித்த எனாமல் பெயிண்ட்டின் மிச்சம் பரணில் இருந்தால் அதைக் குழந்தையிடம் கொண்டுவரவே வேண்டாம். பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (அதாவது, பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. துணிக்கும் கோலப்பொடிக்கும் போடும் சாயத்தைக் கரைத்து விரல் ஓவியம் செய்வதும் தவறு. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை வந்ததே, அதற்குக் காரணம் துணிக்குப் போடும் ரோடமின்-பி என்கிற தொழிற்சாலைச் சாயம். சின்னப் பிள்ளைகளின் விரல் எப்படியும் வாய்க்குப் போகும்.

அக்ரிலிக் வேறு கதை. காய்ந்ததும் பிளாஸ்டிக் படலம்போல் ஆகிவிடும், துணியில் பட்டால் போகாது. பானை, கல் போன்றவற்றில் தீட்ட எட்டு ஒன்பது வயதுக்குமேல் கொடுக்கலாம். அதற்குக் கீழே போஸ்டர் கலரே போதும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உடைந்த கிரையான் துண்டுகள் வேண்டாம், தொண்டையில் சிக்கும். அதே துண்டுகள் ஐந்து வயதுக்கு நல்லது. சின்னத் துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும், பென்சில் பிடிப்பும் தானாகவே சரியாகும்.

இயற்கை நிறம் என்றால் கவலையே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. அதற்குப் பதில் ஆப்பசோடாவைக் கரைத்துக் கொடுங்கள். மஞ்சள் கரைசலை அட்டையில் பூசிக் காயவைத்து, அதன்மேல் சோடாத் தண்ணீரால் வரைந்தால் கோடுகள் செம்பழுப்பாக எழும். எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சளாகும். சட்டையில் பட்ட சாம்பார்க் கறை சோப்புப் பட்டதும் சிவப்பதும் இதே காரணத்தால்தான், அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீலத்தில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா, இளஞ்சிவப்பு என்று மாறும். மாவு காய்ச்சிச் செய்யும் பசை வண்ணத்தை மட்டும் அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள், நம் ஊர்ச் சூட்டில் மறுநாளே புளித்துவிடும்.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி அச்சு வைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அச்சு சரியாக விழாததற்குக் காரணம் நீர்த்த வண்ணம்தான். கெட்டியான வண்ணத்தை ஒரு ஸ்பாஞ்சில் தடவி, வெட்டிய காயை ஈரம் போகத் துடைத்துவிட்டு அதில் ஒற்றி எடுக்க வேண்டும். வாழை மட்டையின் குறுக்குவெட்டில் வரும் கட்டம் கட்டமான அச்சு இன்னும் அழகு.

நாம் வாயைத் திறக்கும் இடங்கள்

“இது என்ன?” என்று கேட்பதே பல சமயம் பிரச்சினை. இரண்டு வயதுக் கிறுக்கலுக்குப் பெயர் கிடையாது. கை அசைந்தால் கோடு விழுகிறது என்பதே அந்த வயதுக்குப் பெரிய கண்டுபிடிப்பு. மூன்று வயதை ஒட்டி வட்டம் மூடும். அதற்கு அப்புறம் ஒரு தலை, அதிலிருந்தே இரண்டு கால் என்று மனிதர்கள் வருவார்கள். “உடம்பு எங்கேடா?” என்று திருத்தாதீர்கள், உடம்பு தானாக வரும். “இதைப் பத்திச் சொல்லேன்” என்று மட்டும் கேளுங்கள். யானை ஊதாவாக இருந்தால் இருக்கட்டும்.

நாமே வரைந்து காட்டுவது இன்னொரு தவறு. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஓரத்தில் குடிசையும் தென்னைமரமும் என்ற படத்தை, மலையையே பார்க்காத பிள்ளைகளும் வரைகிறார்கள். நாம் வரைந்து காட்டியதுதான் அது. ஜப்பானில் பார்த்து வரைவதே பாடமாக இருந்த காலத்தில், யமமோட்டோ கனாயே என்ற ஓவியர் 1919-ல் குழந்தைகள் சுதந்திரமாக வரைய வேண்டும் என்று ஓர் இயக்கமே நடத்தினார். அந்த இயக்கத்தின் தாக்கத்தில் 1920-களில் சகுரா நிறுவனம் உருவாக்கியதுதான் இன்று நாம் வாங்கும் ஆயில் பேஸ்டல். அதை வாங்கிக் கொடுத்துவிட்டு “இந்தப் படத்தைப் பார்த்து அப்படியே போடு” என்கிறோம். மலை தேவையில்லை, தெருமுனை டீக்கடையை வரையட்டும், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை வரையட்டும். கலரிங் புத்தகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. களைத்துப்போன நாளில் அது நல்ல ஓய்வு. ஆனால் அது மட்டுமே வரைதல் ஆகிவிடக் கூடாது.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தரையில் செய்தித்தாள் விரித்து உட்காரவையுங்கள். சுவரில் கிரையான் கோடு விழுந்தால் ஈரத்துணியில் ஆப்பசோடா தொட்டு மெதுவாகத் துடைக்கலாம். டிஸ்டெம்பர் அடித்த சுவரென்றால் தேய்த்தால் வண்ணமே பெயர்ந்து வரும், அங்கே ஒரு பெரிய சார்ட்டை ஒட்டிவிடுவதே மேல்.

முடிந்த படங்களை என்ன செய்வது? பின்பக்கத்தில் தேதியையும், படத்தைப் பற்றிக் குழந்தை சொன்ன ஒரு வாக்கியத்தையும் எழுதிவையுங்கள். ஆயில் பேஸ்டல் முழுதாகக் காய்வதே இல்லை, அதனால் படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்தால்தான் ஒன்றோடொன்று ஒட்டாது. கிரையான் படங்களைக் கடையில் கொடுத்து லாமினேட் செய்ய வேண்டாம். அந்தச் சூட்டில் மெழுகு உருகிப் பரவிவிடும். மஞ்சள், பீட்ரூட் வண்ணங்கள் வெளிச்சம் படப் பட வெளிறிவிடும் என்பதால் தீட்டிய அன்றே கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.