முதல் ரேட்டிங் செஸ் போட்டிக்குத் தயாராவது எப்படி?

பயிற்சி ஆட்டங்களில் நன்றாக ஆடுகிற ஒருவர் முதல் ரேட்டிங் போட்டியில் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்ணான ரேட்டிங்குக்குக் கணக்கில் சேரும் போட்டி) தடுமாறுவதற்கு, தொடக்க ஆட்டம் தெரியாதது பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. கையையும் கடிகாரத்தையும் நகர்த்தல்களை எழுதும் குறிப்புத்தாளையும் கையாளப் பழகாததே காரணம் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே போட்டிக்கு முந்தைய வாரங்களில், புதிய தொடக்க வரிசைகளை மனப்பாடம் செய்வதைக் குறைத்துக்கொண்டு, பலகையும் கடிகாரமும் வைத்து, நகர்த்தல்களை எழுதியபடியே முழு ஆட்டங்களை ஆடிப் பழகுங்கள்.

உங்கள் முறையின்போது ஒரு காயை வேண்டுமென்றே தொட்டுவிட்டால், விதிப்படி நகர்த்த முடிகிறவரை அதையே நகர்த்தியாக வேண்டும். கோட்டை கட்டும்போது (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும்போது) ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையை முதலில் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால் அந்த நகர்த்தலில் அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது. சிப்பாய் கடைசி வரிசையை அடையும்போது கூடுதல் ராணி கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால், கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரிடம் கேளுங்கள். யானையைத் தலைகீழாக வைத்து அதை ராணி என்று சொல்வது நண்பர்களுக்குள் செல்லும். போட்டியில் நடுவர் அதை யானையாகவே கொள்வார்.

குறிப்புத்தாளைப் பலர் வெறும் கடமையாக நினைக்கிறார்கள், அது வருத்தத்திற்குரியது. 90 நிமிடங்களும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதலும் தரப்படும் ஆட்டத்தில், கடைசி நிமிடத்திலும் எழுதுவது கட்டாயம். அதுவும் காயை நகர்த்திய பிறகுதான் எழுத வேண்டும், முன்கூட்டியே எழுதுவதற்கு அனுமதி இல்லை. இதற்கு முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. நீங்கள் ஆடப்போகும் நகர்த்தலால் ஒரே நிலை மூன்றாவது முறையாக வரும் என்றால், அந்த நகர்த்தலை எழுதி, காயைத் தொடாமல், நடுவரை அழைத்து டிரா கோர வேண்டும். காயைத் தொட்டுவிட்டால் அந்த நேரத்திற்கான உரிமை போய்விடும். எதிராளியிடம் டிரா கேட்பதற்கு முறை வேறு: காயை நகர்த்தி, டிரா என்று சொல்லி, அதற்குப் பின் கடிகாரத்தை அழுத்த வேண்டும்.

ஐந்து நகர்த்தல்களுக்கு ஒருமுறை மீதமுள்ள நேரத்தையும் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள்; விதி இதை அனுமதிக்கிறது. தெரிந்த தொடக்க ஆட்டத்திலேயே அரை மணி நேரம் கரைந்துபோவது அப்போதுதான் கண்ணில் படும்.

கைபேசியை ஆட்ட அரங்கிற்குள் கொண்டுபோகவே வேண்டாம். அது உங்களிடம் இருப்பது தெரிந்தால் ஆட்டத்தையே இழக்க நேரிடலாம்.

ஸ்விஸ் முறையில் (தோற்றவர் வெளியேறாமல், ஏறத்தாழ ஒரே புள்ளி பெற்றவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் மோதும் முறை) முதல் சுற்றில் ரேட்டிங் பட்டியலின் மேல்பாதியினர் கீழ்பாதியினரோடு மோதுவதால், புதியவருக்குப் பெரும்பாலும் வலுவான எதிராளியே அமைவார். ரேட்டிங்கில் 200 புள்ளி மேலே இருப்பவரிடம் நீங்கள் எடுக்கக்கூடியதாகக் கணக்கிடப்படுவது நான்கு ஆட்டங்களுக்கு ஏறத்தாழ ஒரு ஆட்டப் புள்ளிதான் (ஒரு வெற்றிக்கு ஒரு புள்ளி) என்பதால், முதல் சுற்றில் தோற்றாலும் அந்தத் தோல்வியை அடுத்த சுற்றுக்குச் சுமந்து செல்லத் தேவையில்லை. அடுத்து எதிரே உட்காருபவரும் பெரும்பாலும் உங்களைப் போலவே தோற்று வந்தவராக இருப்பார். இடைவேளையில் எஞ்சினை (நகர்த்தல்களை மதிப்பிடும் செஸ் கணினி நிரல்) திறந்து தவறுகளைத் தேடாதீர்கள். எதிராளி விரும்பினால் அவரோடு சிறிது நேரம் பேசுங்கள், பிறகு நடந்துவிட்டு வாருங்கள்.

ஆராய்ச்சி, போட்டி முடிந்த பிறகு நடக்கட்டும். ஓரத்தில் குறித்த நேரங்களில் எங்கே பெரிய சரிவு இருக்கிறதோ, அந்த நிலையைப் பலகையில் வைத்து, அப்போது என்ன யோசித்தீர்கள் என்பதை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகே எஞ்சினின் பதிலோடு ஒப்பிடுங்கள்.