பல கருவிகளுக்கு ஒரே கம்பியில்லாக் கன்ட்ரோலர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கணினி, கைபேசி, கன்சோல் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே கன்ட்ரோலரை வைத்து விளையாட விரும்புபவர்கள் பெரும்பாலும் கன்ட்ரோலரைப் பார்த்துத்தான் தேடலைத் தொடங்குகிறார்கள். வடிவம் கைக்குப் பிடிக்கிறதா, விலை கட்டுப்படியாகிறதா, பெட்டியில் எத்தனை கருவிகளின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்து வாங்கிவிட்டு, தம்மிடம் உள்ள கருவியில் அது இயங்கவில்லை என்பதைப் பிறகு அறிந்து வருந்துகிறார்கள். தேடலை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்களிடம் உள்ள கருவிகளில் எது மிகவும் கறாரானதோ, அதாவது பிற நிறுவனத்தின் கன்ட்ரோலரை எளிதில் ஏற்காததோ, அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அது ஏற்கும் கன்ட்ரோலர்களுள் மற்றக் கருவிகளோடும் ஒத்துப்போவது எது என்று அதன் பிறகு பார்த்தால் போதும். பட்டியல் தானாகவே இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

கன்சோல்களில் மிகவும் கறாரானது எக்ஸ்பாக்ஸ்தான். எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகிய எதுவும் கன்ட்ரோலரைப் புளூடூத் வழியாக ஏற்காது. மைக்ரோசாஃப்ட் தனக்கென வகுத்துக்கொண்ட வேறொரு கம்பியில்லா முறையில்தான் அவை கன்ட்ரோலரோடு தொடர்புகொள்கின்றன. உரிமம் பெற்றுப் பிற நிறுவனங்கள் வெளியிடும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களில் பல கம்பியோடு வருபவை. உரிமம் பெறாத துணைக்கருவிகளையோ 2023 நவம்பர் முதல் கன்சோலின் மென்பொருளே தடுத்துவிடுகிறது. ஆகவே பெட்டியில் எக்ஸ்பாக்ஸ் என்ற பெயர் இருப்பது மட்டும் போதாது. ‘எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைப் போன்ற பொத்தான் அமைப்பு உடையது’ என்பதும் ‘எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் இயங்கும்’ என்பதும் முற்றிலும் வெவ்வேறு செய்திகள். விற்பனைக் குறிப்புகளில் இவை இரண்டும் அடிக்கடி ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால், அந்த வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

பிளேஸ்டேஷன் 5 கறாரில் இதற்கு அடுத்தபடி. அதற்கென வெளியான விளையாட்டுகளை ஆட அதன் சொந்தக் கன்ட்ரோலரான டூயல்சென்ஸோ, சோனியின் உரிமம் பெற்ற வேறொரு பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரோ வேண்டும். பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலரான பழைய டூயல்ஷாக் 4 கையில் இருந்தால், அந்தக் கன்சோலில் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளை மட்டும் அதைக் கொண்டு ஆடலாம். நின்டெண்டோ ஸ்விட்ச் இந்த இரண்டையும்விட இளக்கமானது. அது புளூடூத்தைப் பயன்படுத்துவதால், ஸ்விட்சின் புரோ கன்ட்ரோலரைப் போலவே இயங்கும் பிற நிறுவனக் கன்ட்ரோலர்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் சில, உறக்க நிலையில் இருக்கும் கன்சோலை எழுப்பமாட்டா. அமீபோ என்ற நின்டெண்டோவின் சிறு பொம்மைகளைப் படிக்கும் உணரி பலவற்றில் இருக்காது. 2025-இல் வந்த ஸ்விட்ச் 2 உங்களிடம் இருந்தால், அதன் பெயர் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஸ்விட்சுக்காக நின்டெண்டோவே செய்த புரோ கன்ட்ரோலர்கூட ஸ்விட்ச் 2-இல் விளையாட உதவுமே தவிர, உறக்கத்திலிருந்து அதை எழுப்பாது.

கணினியும் கைபேசியும் தாராள மனம் கொண்டவை. ஐபோனும் ஐபேடும் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரையும் டூயல்ஷாக் 4-ஐயும் ஏற்கின்றன. டூயல்சென்ஸ் ஐஓஎஸ் 14.5-இலும், ஸ்விட்ச் புரோ கன்ட்ரோலர் ஐஓஎஸ் 16-இலும் சேர்க்கப்பட்டன. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் புளூடூத் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் சிக்கலின்றி இயங்குகின்றன. கணினியில் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடைச் செயலி இருந்தால், மூன்று பெரிய கன்சோல்களின் கன்ட்ரோலர்களையும் அது அடையாளம் கண்டு, விளையாட்டுக்குப் புரியும் வகையில் மாற்றிக் கொடுத்துவிடும். ஆகவே இவற்றுக்காகக் கவலைப்பட வேண்டியது குறைவு.

இதிலிருந்து கிடைக்கும் முடிவை நேராகவே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் 5, ஸ்விட்ச் ஆகிய மூன்றிலும் நேரடியாக, முழுமையாக இயங்கும் ஒரே கன்ட்ரோலரைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். எக்ஸ்பாக்ஸும் கணினியும் கைபேசியும் உங்கள் கருவிகள் என்றால் எக்ஸ்பாக்ஸின் சொந்தக் கன்ட்ரோலரே எல்லாவற்றுக்கும் போதும். பிளேஸ்டேஷன் 5-உடன் கணினி என்றால் டூயல்சென்ஸ். ஸ்விட்ச், கணினி, கைபேசி என்ற கூட்டணிக்குத்தான் கருவிக்கேற்ப இயங்கும் முறையை மாற்றிக்கொள்ளத்தக்க, எயிட்பிட்டோ போன்ற நிறுவனங்களின் கன்ட்ரோலர்கள் மிகவும் பொருந்தும். எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் 5 ஆகிய இரண்டுமே இருப்பவர்கள் இரண்டு கன்ட்ரோலர்கள் வைத்துக்கொள்வதே நல்லது. ஒரு கருவியின் கன்ட்ரோலரை இன்னொன்றில் இயக்கும் சிறிய யூஎஸ்பி அடாப்டர்கள் உள்ளன. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை ஸ்விட்சில் பயன்படுத்த அவை உதவும். ஆனால் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் அசைவை உணரும் ஜைரோ இல்லை என்பதால், கையைச் சாய்த்துக் குறிபார்க்கும் விளையாட்டுகளில் அடாப்டரால் எதையும் செய்ய இயலாது. இல்லாத உணரியை இடையில் செருகும் கருவி உருவாக்கித் தர முடியாதல்லவா?

அடுத்துப் பார்க்க வேண்டியது இணைப்பு முறை. புளூடூத்தும், டாங்கிள் (யூஎஸ்பி துளையில் செருகும் சிறிய பெறுவி) வழியாக இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பும் ஒரே அலைவரிசைப் பகுதியில்தான் இயங்குகின்றன. வேறுபாடு அவை பேசும் முறையில் இருக்கிறது. நல்ல டாங்கிள் இணைப்பில் கன்ட்ரோலர் நொடிக்கு 1000 முறை வரை தன் நிலையைத் தெரிவிக்கக்கூடும். புளூடூத்தில் இந்த எண்ணிக்கை பொதுவாக அதைவிடக் குறைவாகவே இருக்கும். கதை சொல்லும் விளையாட்டுகளில் இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியவே தெரியாது. சண்டை விளையாட்டுகளிலும் போட்டியாகச் சுடும் விளையாட்டுகளிலும் தெரியும். டாங்கிளைக் கைபேசியில் செருகிக்கொண்டு அலைய முடியாது என்பதால், இரண்டு முறைகளும் உள்ள கன்ட்ரோலரையே பல கருவிகளுக்குப் பரிந்துரைப்பேன். டாங்கிளைச் செருகும் இடத்திலும் கவனம் தேவை. யூஎஸ்பி 3.0 துளைகளும் அவற்றில் இயங்கும் வன்தட்டுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மின்காந்த இரைச்சலை உண்டாக்கும். கணினியின் பின்புறத்தில் வெளிவன்தட்டுக்கு அருகே டாங்கிளைச் செருகிவிட்டு, கன்ட்ரோலர் அவ்வப்போது திணறுகிறது என்று குறைபட்டுக்கொள்பவர்கள் பலர். ஒரு முழ நீட்டிப்புக் கம்பியில் டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வைத்தாலே அந்தத் திணறல் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எவ்வளவு எளிது என்பதை வாங்குபவர்கள் அரிதாகவே விசாரிக்கிறார்கள். ஆனால் நாள்தோறும் கையாளும்போது நம் பொறுமையைச் சோதிப்பது இதுதான். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்ட்ரோலர் தன் கன்சோலையும் ஒரு புளூடூத் கருவியையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருக்கும். மேல்விளிம்பில் உள்ள சிறிய இணைப்புப் பொத்தானை இரண்டு முறை தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடும். நீண்ட காலம் ஒரு கருவியை மட்டுமே நினைவில் வைத்திருந்த டூயல்சென்ஸுக்கு 2025-இல் வந்த மென்பொருள் மேம்பாடு நான்கு கருவிகள் வரை நினைவில் கொள்ளும் வசதியைத் தந்தது. எயிட்பிட்டோ புரோ 2 போன்றவற்றின் பின்புறத்தில், கருவிக்கேற்ப முறையை மாற்ற நான்கு நிலைகள் கொண்ட நழுவுபொத்தான் ஒன்று உண்டு. வேறு சிலவற்றிலோ ஸ்டார்ட் பொத்தானோடு இன்னொரு பொத்தானைச் சேர்த்து அழுத்தி முறையை மாற்ற வேண்டும். நழுவுபொத்தான் உள்ளதை வாங்குங்கள். எந்தக் கருவிக்கு எந்தப் பொத்தான் என்பதை ஆறு மாதம் கழித்து யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

இந்த முறைகள் எதற்கு என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. விண்டோஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை எக்ஸ்இன்புட் என்ற மைக்ரோசாஃப்டின் உள்ளீட்டு முறையை எதிர்பார்க்கின்றன. அந்த முறையில் இரண்டு ஸ்டிக்குகள், சுட்டுவிரலால் அழுத்தும் இரண்டு ட்ரிகர்கள், பொத்தான்கள், அதிர்வு ஆகியவற்றுக்கு இடம் உண்டு, ஜைரோவுக்கு இல்லை. ஆகவே ஜைரோ உள்ள கன்ட்ரோலரையே வாங்கினாலும், கணினியில் அதை எக்ஸ்இன்புட் முறையில் இணைத்தால் அசைவு உணரி பயனின்றிக் கிடக்கும். அதையே ஸ்விட்ச் முறையில் இணைத்து ஸ்டீம் வழியாக இயக்கினால் பயன்படும். இது கன்ட்ரோலரின் பழுதன்று.

இனி ட்ரிகர். நான் பணத்தை இழந்து கற்ற பாடம் இதில்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஸ்விட்சுக்கும் கணினிக்கும் பொது என்று சொல்லப்பட்ட ஒரு கன்ட்ரோலரை வாங்கினேன். ஸ்விட்சில் அது அருமையாக இயங்கியது. கணினியில் ஒரு கார் பந்தய விளையாட்டைத் திறந்து, வளைவில் வேகத்தைக் குறைப்பதற்காக வலது ட்ரிகரைப் பாதி விட்டேன்; கார் வேகம் குறையாமல் அதே முழு வேகத்தில் போய்த் தடுப்புச்சுவரில் மோதியது. ட்ரிகரை இன்னும் சற்று விட்டபோது வேகம் முற்றாக அறுந்தது. முழுவேகம், இல்லையேல் பூஜ்யம். இடையில் எதுவும் இல்லை. ஸ்விட்சின் கன்ட்ரோலர்களில் ட்ரிகர்கள் வெறும் பொத்தான்களாகவே அமைந்தவை, அழுத்தத்தின் அளவை அவை தெரிவிப்பதில்லை என்பதும், நான் வாங்கியது அந்த வழக்கத்தை அப்படியே பின்பற்றியிருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கின. பந்தய விளையாட்டுகளை நேசிப்பவர்கள் ‘அனலாக் ட்ரிகர்’ என்ற சொல் விவரக்குறிப்பில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களில் அது இயல்பாகவே உண்டு.

ஸ்டிக்கின் உள்ளுறுப்பும் இதே அளவுக்கு முக்கியமானது. பெரும்பாலான கன்ட்ரோலர்களில் ஸ்டிக்கின் நிலையை அளப்பது பொட்டென்ஷியோமீட்டர் என்ற உறுப்பு. அதில் ஒரு சிறிய உலோக நுனி கார்பன் பாதையின்மேல் உரசிக்கொண்டே நகர்கிறது. நாளடைவில் அந்தப் பாதை தேயும்போது, விரலை எடுத்த பிறகும் விளையாட்டின் கதாபாத்திரம் தானாக நகரத் தொடங்குகிறது. இதைத்தான் டிரிஃப்ட் என்கிறோம். ஹால் எஃபெக்ட் ஸ்டிக்குகளில் காந்தமும் உணரியும் ஒன்றையொன்று தொடுவதில்லை; அளவிடும் இடத்தில் உராய்வு இல்லாததால் அங்கே தேய்மானமும் இல்லை. 1998-இல் வெளியான சேகா ட்ரீம்காஸ்டின் கன்ட்ரோலரிலேயே காந்த முறை இருந்தது என்பதை நினைத்தால், இது இவ்வளவு தாமதமாகப் பரவியது எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது. இப்போது டிஎம்ஆர் என்ற மற்றொரு காந்த முறையும் வந்திருக்கிறது. அது ஹால் எஃபெக்டைவிடக் குறைந்த மின்சாரத்தில் இயங்குகிறது. எக்ஸ்பாக்ஸின் வழக்கமான கன்ட்ரோலரிலும் டூயல்சென்ஸிலும் பொட்டென்ஷியோமீட்டர்தான் என்பதால், கன்சோல் உங்களைக் கட்டாயப்படுத்தாதபோது காந்த ஸ்டிக் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இரண்டு டபுள் ஏ பேட்டரிகளில் இயங்குகிறது. மறுமின்னூட்டம் செய்யும் பேட்டரிகளை இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால் விளையாட்டு ஒருபோதும் தடைப்படாது, பேட்டரி பழுதானாலும் கன்ட்ரோலரைத் திறக்க வேண்டியதில்லை. டூயல்சென்ஸில் 1560 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகள் வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் மாற்றத்தக்க பேட்டரியே மேல். கன்ட்ரோலரில் ஹெட்ஃபோன் துளை இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடவும் வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைக் கணினியுடன் புளூடூத்தில் இணைத்தால் அந்தத் துளையில் ஒலி வராது.

பொத்தான்களின் பெயர்கள் சிலரைப் பெரிதும் குழப்பும். எக்ஸ்பாக்ஸில் ஏ பொத்தான் கீழே இருக்கும், பி வலப்புறம் இருக்கும். நின்டெண்டோவில் இவை இடம் மாறியிருக்கும், எக்ஸும் ஒய்யும் அதேபோல் இடம் மாறியிருக்கும். கணினி விளையாட்டுகள் திரையில் பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸ் பெயர்களையே காட்டுவதால், நின்டெண்டோ அச்சு உள்ள கன்ட்ரோலரில் கண் ஒன்றைப் பார்க்கும், கட்டைவிரல் வேறொன்றை அழுத்தும். எந்தக் கருவியில் அதிக நேரம் விளையாடுகிறீர்களோ அதன் அச்சு உள்ளதை வாங்குங்கள்.

பயன்படுத்திய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை வாங்குவதாக இருந்தால், நடுவிலுள்ள ஒளிரும் எக்ஸ்பாக்ஸ் பொத்தானைச் சுற்றிப் பாருங்கள். அதைச் சூழ்ந்த பிளாஸ்டிக் மேல்விளிம்புப் பொத்தான்களோடு சேர்ந்த தனித்துண்டாக இருந்தால் அது பழைய வகை. அதில் புளூடூத் கிடையாது, கைபேசியோடு இணையாது. முகப்புத் தகடே இடைவெளியின்றி அந்தப் பொத்தானைச் சூழ்ந்திருந்தால் அது 2016-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் உடன் வந்ததோ அதற்குப் பிந்தியதோ ஆகும்; அதில் புளூடூத் உண்டு.

வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடியும் முன்பே, எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். உலாவியில் இயங்கும் கன்ட்ரோலர் சோதனைத் தளம் ஒன்றைத் திறந்து, ஸ்டிக்குகளைத் தொடாமல் எண்களைக் கவனியுங்கள். பூஜ்யத்தை ஒட்டிய சிறு பின்னம் தெரிந்தால் கவலையில்லை, அது பெரிதாக இருந்தாலோ ஓயாமல் ஏறி இறங்கினாலோ மாற்றிக் கேளுங்கள். ஸ்டிக்கை ஒரு பக்கம் முழுதாகச் சாய்த்துச் சட்டென்று விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நடுப்புள்ளிக்கு அது திரும்ப வேண்டும். ட்ரிகரை மிக மெதுவாக அழுத்தும்போது எண் படிப்படியாக ஏற வேண்டும். பிறகு உங்களிடம் உள்ள ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக இணைத்து, அணைத்து, மீண்டும் இணைத்து, கால் மணி நேரமாவது விளையாடிப் பாருங்கள். முதலில் இணைக்க வேண்டியது, பட்டியலின் தலைப்பில் நீங்கள் குறித்துக்கொண்ட அந்தக் கறாரான கருவியை.