வந்தியத்தேவனை எந்தத் தலைப்பில் வைப்பது?

சென்னையில் கல்லூரி நூலகம் ஆகட்டும், அடுக்குமாடி வளாகத்தில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நூலகம் ஆகட்டும், கேட்டலாக் இப்போது பெரும்பாலும் கணினியில்தான். ஆசிரியர், புத்தகத்தின் பெயர் வரை சிக்கல் இல்லை. கதாபாத்திரத்தின் பெயரைப் பொருள் தலைப்பாக, அதாவது புத்தகம் எதைப் பற்றியது என்று காட்டும் தலைப்பாகக் கொடுக்கும் இடத்தில்தான் சறுக்குகிறது.

நாவலில் வருபவர் எல்லாருமே கற்பனை என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. 'பொன்னியின் செல்வன்' பதிவில் நந்தினிக்கும் வந்தியத்தேவனுக்கும் ஒரே மாதிரி '(கற்பனைப் பாத்திரம்)' என்று போட்டுவிடுகிறார்கள். நந்தினிக்கு அது சரி. வந்தியத்தேவரோ குந்தவையின் கணவராகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறைப்படி, வரலாற்றில் வாழ்ந்தவருக்கு அவருடைய சொந்தப் பெயர்த் தலைப்புதான்; புத்தகம் நாவல் என்றால் பின்னால் '– புதினம்' என்ற உட்பிரிவு சேரும். "கல்கியின் வந்தியத்தேவன் வேறு, கல்வெட்டுக்காரர் வேறு" என்று வாதாடலாம். சுவையான வாதம்தான். ஆனால் இரண்டு தலைப்பாகப் பிரித்தால், சோழர் வரலாறு தேடி வருபவருக்குப் பாதி புத்தகங்கள் கண்ணிலேயே படாது.

அந்த உட்பிரிவிலும் கவனம் வேண்டும். நந்தினியைப் பற்றி ஒருவர் எழுதிய ஆய்வேட்டுக்கும் '– புதினம்' சேர்த்தால், ஆய்வு மாணவிக்கு நாவல்களும் திறனாய்வும் ஒன்றாகக் கலந்து வந்து விழும். பாத்திரத்தைப் பற்றிய ஆய்வுக்கு வெறும் தலைப்பு போதும்.

அடைப்புக்குறியை அடியோடு விட்டுவிடுவது இன்னொரு வகை. சுஜாதாவின் வக்கீலுக்குக் 'கணேஷ்' என்று மட்டும் தலைப்பு கொடுத்தால், தேடலில் அவரும் பிள்ளையாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். தெய்வங்களுக்குத் தனி அடைமொழி உண்டு, பழங்கதை நாயகர்களுக்கும் உண்டு. ராமருக்கு யாராவது தவறிப்போய்க் 'கற்பனைப் பாத்திரம்' என்று போட்டுவிட்டால், அப்புறம் அந்த நூலகத்தில் வேறு வேலை நடக்காது! 'கணேஷ் – வசந்த்' என்று சேர்த்து ஒரே தலைப்பாக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆரம்பக் கதைகளில் கணேஷ் தனியாகத்தான் வருகிறார்.

அடுத்தது, பெயரைத் திருப்பிப் போடும் பழக்கம். 'ஹோம்ஸ், ஷெர்லாக்' சரி, அங்கே குடும்பப் பெயர் இருக்கிறது. அதைப் பார்த்து 'சாம்பு, துப்பறியும்' என்று பதிந்தால் அபத்தம். தேவனின் நாயகனை ஊரே 'துப்பறியும் சாம்பு' என்றுதான் கேட்கும். அப்படியே வைத்துவிட்டு, 'சாம்பு' என்று தேடுபவரை அங்கே அனுப்பும் ஒரு 'காண்க' குறிப்புக் கொடுத்தால் போதும். 'வந்தியதேவன்', 'வல்லவரையன்' போன்ற மாற்று வடிவங்களுக்கும் இதே வழிதான். 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்ற விதியை நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் இதே ஊரிலிருந்துதான் எழுதினார். ஆனாலும் 'காண்க' குறிப்பு போடத்தான் நமக்கு நேரமிருப்பதில்லை.

கடைசியாக, அட்டையில் உள்ள பெயர். எல்லரி குவீன் என்பது இரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். அவர்களுடைய துப்பறிவாளனுக்கும் அதே பெயர். ஆகவே ஆசிரியருக்கு ஒன்று, பாத்திரத்துக்கு அடைப்புக்குறியோடு ஒன்று என்று இரண்டு தலைப்பு வேண்டும். ஜெரோனிமோ ஸ்டில்டன் என்ற குழந்தைகள் புத்தக வரிசை இன்னும் வேடிக்கை: புத்தகத்தை எழுதியதாக அட்டை சொல்வது ஓர் எலி. ஆர்.டி.ஏ. என்ற கேட்டலாக் விதிகள் வந்தபோது கற்பனைப் பாத்திரத்தையும் படைப்பாளியாகப் பதியலாம் என்று இடம் கொடுத்தார்கள். 2017-இல் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா வெளியிட்ட எல்.ஆர்.எம். என்ற கேட்டலாக் மாதிரியோ, 'நபர்' என்றால் உண்மையான மனிதர் மட்டுமே என்று கதவைச் சாத்திவிட்டது. அதன்படி எலியின் பெயர், எழுதிய மனிதர் போட்டுக்கொண்ட ஒரு பெயர், அவ்வளவுதான். உங்கள் நூலகம் எந்த விதியைப் பின்பற்றினாலும் சரி, குழந்தை 'ஸ்டில்டன்' என்று தேடினால் புத்தகம் வர வேண்டும். ஒரே அலமாரியில் பாதிப் பிரதிகளை ஒரு விதிப்படியும் மீதியை இன்னொரு விதிப்படியும் பதிந்து வைத்தால் அதுதான் வராது.