டெல்டா வீட்டில் பழைய திகில் காமிக்ஸ்: சேகரிக்கத் தொடங்குவோருக்கு

பழைய திகில் காமிக்ஸ் சேகரிக்க விரும்பி என்னிடம் வழி கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் ஓதம் ஏறாத சுவர் உங்கள் வீட்டில் எது? ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவே வீடு கட்டி வாழும் நமக்கு, புத்தகம் கிடைப்பதைவிடக் கிடைத்ததைக் காப்பாற்றுவது கடினமான வேலை. காமிக்ஸ் அச்சான தாள் பெரும்பாலும் மலிவான நியூஸ்பிரிண்ட். மரக்கூழிலுள்ள லிக்னின் (மரநார்களைப் பிணைத்து இறுக்கும் பொருள்) நீக்கப்படாத அந்தத் தாள், நாளடைவில் தனக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்கிக்கொண்டு பழுப்பேறி நொறுங்கும் இயல்புடையது; வெப்பமும் ஈரமும் அதை இன்னும் விரைவுபடுத்துகின்றன. ஆகவே காக்க முடிந்த அளவுக்கு மட்டுமே சேர்ப்பது என்ற உறுதியோடு தொடங்குங்கள். முதல் ஆண்டில் இருபது இதழ்கள் போதும்.

எதைச் சேர்ப்பது என்பது அடுத்த கேள்வி. இதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் ஆண்டுதான் இதழின் அருமையையும் விலையையும் தீர்மானிக்கிறது. 1950-இல் அமெரிக்காவில் வில்லியம் கெய்ன்ஸின் இ.சி. காமிக்ஸ் நிறுவனம் 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' உள்ளிட்ட மூன்று திகில் இதழ்களைத் தொடங்கியது. 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் இத்தகைய இதழ்கள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்று புத்தகம் எழுதினார். அதே ஆண்டு செனட்டின் துணைக்குழு ஒன்று விசாரணை நடத்தியது. அஞ்சிய பதிப்பாளர்கள் தாமாகவே ஒரு தணிக்கை விதியை வகுத்துக்கொண்டார்கள். 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்களைத் தலைப்பில் வைக்கவே கூடாது என்றது அந்த விதி. அந்த அலை 1955-இல் இங்கிலாந்திலும் 1956-இல் இந்தியாவிலும் சட்டமாகவே வந்தது. 1964-இல் வாரன் நிறுவனம் 'க்ரீப்பி' என்ற இதழைப் பத்திரிகை அளவில், கறுப்பு வெள்ளையில் வெளியிட்டு, அந்தத் தணிக்கைக்கு உட்படாமல் நடத்தியது. 1971-இல் விதி தளர்ந்த பின்னரே இரத்தக்காட்டேரிகளும் ஓநாய் மனிதர்களும் வண்ண இதழ்களுக்குத் திரும்பி வந்தார்கள்.

தமிழில் சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸும், 1984-இல் லயன் காமிக்ஸும் வரத் தொடங்கின; ராணி காமிக்ஸும் அதே 1984-இல்தான் தொடங்கியது. திகிலுக்கென்றே தனி இதழாக, லயன் குழுமத்திலிருந்து 1986-இல் 'திகில் காமிக்ஸ்' வந்தது. கதைசொல்லியாக வந்த கறுப்புக் கிழவியை அந்நாளைய வாசகர்கள் இன்றும் மறக்கவில்லை. புதிதாகத் தொடங்குபவர் இந்தத் தமிழ் இதழ்களில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இவை நம் ஊர்களிலேயே கிடைக்கின்றன. வாங்கும்போது கையில் வைத்துப் பார்க்க முடிகிறது. நம் மொழியில் படிக்கவும் முடிகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: திகில் காமிக்ஸ் என்ற பெயரில் வந்த எல்லா இதழ்களும் பேய்க்கதைகள் அல்ல, துப்பறியும் கதைகளும் சாகசக் கதைகளும் அதில் வந்தன. இதழ் வரிசையை நிறைவு செய்யப் போகிறீர்களா, திகில் கதைகளை மட்டும் சேர்க்கப் போகிறீர்களா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டால் வீண்செலவு குறையும்.

வெளிநாட்டு இதழ்கள் டெல்டாவில் கிடைக்கவே கிடைக்காது என்று எண்ண வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய குடும்பங்களின் வீட்டுப் பரண்களில், துணிப்பெட்டியோடு வந்த ஆங்கிலக் காமிக்ஸ்கள் இன்றும் இருக்கின்றன. இ.சி. இதழ் என்று யாராவது காட்டினால் முதலில் அட்டையில் அச்சான விலையைப் பாருங்கள். 1950-களின் அசல் இதழில் 10 சென்ட் என்றிருக்கும். டாலர் கணக்கில் விலை இருந்தால் அது பிற்கால மறுபதிப்பு. மறுபதிப்பு படிக்க மிகவும் ஏற்றது, ஆனால் அசலின் விலையை அதற்குத் தரக் கூடாது.

தேடுமிடம் பழைய பேப்பர் கடைதான். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி என்று எந்த ஊரானாலும், எடைக்குப் போடும் கடைக்காரரிடம் முகம் பழகுவது முதல் வேலை. படக்கதைப் புத்தகம் வந்தால் கட்டுக்குள் போடாமல் தனியே எடுத்து வையுங்கள் என்று சொல்லி, எடை விலைக்கு மேல் கொடுப்பதாக வாக்களித்து, அந்த வாக்கைத் தவறாமல் காப்பாற்றினால் அவரே அலைபேசியில் கூப்பிடுவார். காலமும் முக்கியம். போகிக்கு முந்தைய இரண்டு வாரங்களில், வெள்ளையடிப்பதற்காக வீடுகள் பரணை ஒழிக்கும்போது, ஆண்டு முழுவதும் வராத புத்தகங்கள் கடைக்கு வந்து சேர்கின்றன. ஆயுத பூசைக்கு முன்னரும், பழைய பாடப்புத்தகங்களை எடைக்குப் போடும் மே, ஜூன் மாதங்களிலும் ஒருமுறை போய் வாருங்கள். பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ குடியேறிவிட, பூர்வீக வீட்டை விற்கப் போகும் பெரியவர்கள் இருந்தால் நேரில் போய்ப் பேசுங்கள். அவர்களிடம் விலையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். அறியாமல் தருபவரிடம் அள்ளிக்கொண்டு வந்த புத்தகம் அலமாரியில் இருந்தாலும் மனத்தில் உறுத்தும்.

புத்தகம் கைக்கு வந்ததும் அட்டையின் அழகில் மயங்காமல் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். இவ்விதழ்கள் மடித்து நடுவில் கம்பி பின் அடித்தவை. ஆகவே முன்பாதியில் ஒரு தாள் போயிருந்தால் பின்பாதியில் அதன் இணைத்தாளும் போயிருக்கும், அல்லது தளர்ந்து தனியே நிற்கும். பக்க எண்களை ஒன்றுவிடாமல் எண்ணுங்கள். அடுத்த இதழ் விளம்பரமும் வாசகர் கடிதமும் உள்ள பக்கங்களில் கூப்பனைக் கத்தரித்திருக்கிறார்களா என்று பாருங்கள், ஏனென்றால் கூப்பனின் மறுபுறம் கதையின் ஒரு கட்டம் போயிருக்கக்கூடும். வாடகை நூலகப் பிரதிகளுக்குப் பெரும்பாலும் ஓரத்தில் குத்துத் தையல் போட்டு, பழுப்புக் காகித அட்டை ஒட்டியிருப்பார்கள். தையலை அடுத்த எழுத்துகள் மறைந்து போவது இவற்றின் குறை. ஆனால் அந்த உறையே அசல் அட்டையின் வண்ணத்தை வெயிலிலிருந்து காத்திருப்பதும் உண்டு. பல இதழ்களை ஒன்றாகப் பைண்டு செய்த தொகுதி கிடைத்தால், ஓரம் வெட்டப்பட்டதில் படங்கள் பழுதாகியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்கிவிடுங்கள். அதைப் பிரிக்க முயலாதீர்கள்.

அசல் அட்டை போனதற்கு ஜெராக்ஸ் அட்டையோ கணினியில் அச்சிட்ட அட்டையோ ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆஃப்செட் அச்சில் வண்ணம் ஒழுங்கான சிறு புள்ளிகளின் வரிசையாகத் தெரியும். இன்க்ஜெட் அச்சில் மை ஒழுங்கின்றித் தெளித்தது போலத் தெரியும். அட்டை மட்டும் வெளுப்பாகவும் உள்தாள் மட்டும் பழுப்பாகவும் இருந்தாலும் ஐயப்படுங்கள். விலையைப் பொறுத்தவரை நான் கடைப்பிடிக்கும் முறை எளியது: எல்லாப் பக்கங்களும் இருந்து அட்டை கசங்கியிருக்கும் இதழுக்குத் தயங்காமல் பணம் தருவேன், அட்டை பளபளத்து ஒரு பக்கம் குறைந்திருந்தால் வாங்க மாட்டேன்.

இனி, வீட்டில் காப்பது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய இரவில், மன்னார்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டின் பின்கட்டு ஓடுகள் பறந்தன. இரும்புப் பெட்டிக்குள் நீர் அதிகம் புகவில்லை. ஆனாலும் மின்சாரம் இல்லாமலும் வெயில் இல்லாமலும் நாட்கள் போய், நான் பெட்டியைத் திறந்தபோது புத்தகங்கள் நனைந்ததால் அல்ல, நான் போட்டு வைத்திருந்த உறையால் கெட்டிருந்தன. மலிவான பி.வி.சி. உறை வியர்த்து, அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்லப் பிரித்தபோது ஒரு திகில் இதழின் அட்டையிலிருந்த நிலவும் மரக்கிளையும் உறையின் உட்புறத்தில் தெளிவாகப் பதிந்து வந்துவிட, அட்டையில் வெண்தழும்பு மட்டுமே மிஞ்சியது. அந்த உறையை நான் இன்னும் தூக்கி எறியவில்லை.

ஆகவே பாலிப்ராப்பிலின் உறையையோ பாலியெஸ்டர் உறையையோ மட்டுமே வாங்குங்கள், பி.வி.சி. வேண்டவே வேண்டாம். உறையின் வாயை ஒட்டிவிடாமல் காற்றுக்கு வழிவிடுங்கள். பின்னால் அமிலமற்ற அட்டை வைத்து, இதழை நிமிர்த்தி, சாயாதபடி நெருக்கமாக அடுக்குங்கள். அலமாரி சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியும் தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்தும் இருக்கட்டும். வெளிச்சுவரை ஒட்டி எதையும் வைக்காதீர்கள். ஒரு சிறிய ஈரப்பதமானியை உள்ளே வைத்து, அளவு 60 விழுக்காட்டைத் தாண்டும் நாட்களில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை வைக்க வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டால் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். கிழிசலுக்குச் செல்லோடேப்பை ஒருபோதும் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த பின்னின் கறை தாளில் பரவத் தொடங்கியிருந்தால், மெல்லிய தகட்டால் பின்னை நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளின் வழியே பருத்தி நூலால் தைத்துவிடலாம்.

இராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் நம் மண்ணிலேயே பழைய மருந்து இருக்கிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்காக வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், பட்டை, மிளகு, கற்பூரம் ஆகியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. அதே முடிச்சை அலமாரியின் மூலையில் வைக்கலாம், பொடி மட்டும் தாளில் படக் கூடாது. சில மாதங்களில் மணம் போய்விடும், அப்போது மாற்றிவிடுங்கள். கறையான் மண்கோடு சுவரில் தெரிந்தால் முடிச்சை நம்பியிருக்காமல் அன்றைக்கே புத்தகங்களை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

புத்தகம் நனைந்தேவிட்டால் வெயிலில் காயப் போடாதீர்கள்; தாள் நெளிந்து, வழவழப்பான அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இரண்டு நாட்களுக்குள் பூஞ்சை வரத் தொடங்கும் என்பதால், அதற்குள் எல்லாவற்றையும் உலர்த்த முடியாதென்று தெரிந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் சுற்றி ஃபிரீசரில் வைத்துவிட்டு, பிறகு ஒன்றொன்றாக எடுத்து, சில பக்கங்களுக்கு ஒருமுறை வெள்ளைத்தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். செய்தித்தாளைச் செருகினால் அதன் மை ஏறிவிடும்.

இதழ் எண், மாதம், வாங்கிய இடம், கொடுத்த விலை, குறைகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வாடகை நூலக முத்திரையோ முதல் வாசகரின் கையெழுத்தோ இருந்தால் அழிக்காமல் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் எந்தத் தெருவிலிருந்து இந்த இதழ்கள் வந்தன என்பதற்கு வேறு பதிவு எதுவும் இல்லை. தை பிறந்து பனி விலகியதும், நோட்டையும் அலமாரியையும் ஒருநாள் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் இதழையும் உறையிலிருந்து எடுத்து, முகர்ந்து, புரட்டிப் பாருங்கள்.